ஒளி மருந்தும் காலமறிதலும்

கொல்கத்தா மாநகரில் வாழும் தமிழர்க்குப் பௌபஜார்த் தெரு ஒரு திருத்தலம் போன்றது. அத்தெருவில், 1876-ஆம் ஆண்டில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெருந்தகை இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அவர் தொழிலால் மருத்துவர். 1907-இல் நிதித்துறை அலுவலராக இந்நகருக்கு வந்த சர். சி. வி. இராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1923-இல் அவருடன் சேர்ந்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் அங்கே கண்டறியப்பட்ட உண்மை, 1930-இல் நோபல் பரிசைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது. மருத்துவர் ஒருவர் நட்ட மரத்தில் ஒளியே கனியாகப் பழுத்தது எனலாம். பின்னாளில் அக்கழகம் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. எனினும் பௌபஜாரின் பெயர் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

ஒரு பொருளின்மேல் ஒளி பட்டால் மூன்று செயல்கள் நிகழலாம். ஒளி அதனை ஊடுருவிச் செல்லலாம். அதன்மேற் பட்டுச் சிதறலாம். அல்லது அப்பொருளால் உண்ணப்படலாம். சிதறும் ஒளியின் வரலாறு இராமனது வரலாறு. அதனை நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளியிற் படித்திருப்பர். உண்ணப்படும் ஒளிக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒளியை உண்ட மருந்து தான் தங்கியிருக்கும் புற்றுநோய் உயிரணுவை அழிக்கும் வரலாறு அது. அதிலும் நம் நாட்டுக்கும் இக்கல்கத்தாவுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவர் அரசனை எண்ணி வகுத்த வரிசை அது. ஆயினும் ஒளி மருந்தைக் கையாளும் மருத்துவனுக்கும் அவ்வரிசை அப்படியே பொருந்துகின்றது. எவ்வளவு மருந்து, எத்துணை நேரம் கழித்து ஒளி, உடலில் எவ்விடம் என்னும் மூன்றையும் அறிந்தவனே அம்மருந்தால் நன்மை செய்ய வல்லவன். இவற்றுள் காலத்தை அறிவதற்கே மக்களினம் மிக நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

கார்போகியும் கதிரவனும்

நாட்டு மருந்துக் கடைகளில் கார்போக அரிசி என்னும் கரிய சிறு விதை கிடைக்கும். நம் இல்லத்தரசியர் குளியற்பொடி அரைக்கும்போது பூலாங்கிழங்கோடும் கஸ்தூரி மஞ்சளோடும் இதனையும் சேர்ப்பதுண்டு. வடமொழியாளர் இதனை வாகுசி என்பர். வெண்புள்ளி கண்ட தோலில் இவ்விதையைப் பூசி, வெயிலிற் காய்வது நம் நாட்டின் பழைய மருத்துவ முறைகளுள் ஒன்று. நைல் ஆற்றங்கரையிலும் வேறொரு செடியின் விதையைக் கொண்டு எகிப்தியர் இதையே செய்து வந்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார், மருந்து தனித்து நின்று பயன் தராது, வெயிலும் வேண்டும் என்னும் ஒரே உண்மையைக் கண்டனர்.

இப்பழைய மருந்தை இக்கால ஆய்வுமுறைக்கு உட்படுத்திய பெருமை கல்கத்தாவைச் சாரும். இந்நகரின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய இராம்நாத் சோப்ரா, நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அவரும் சட்டர்ஜி என்பவரும் கார்போகி விதையின் கூறுகளையும் அதன் மருத்துவச் செயலையும் ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டனர். 1933-இல் ஜோயிஸ், மஞ்சுநாத், வேங்கடராவ் என்னும் மைசூர் நாட்டு வேதியியலார் மூவர் அவ்விதையிலிருந்து சோரலென் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அச்செய்தி உலகுக்கு வெளிவந்த இதழும் இந்நகரோடு தொடர்புடையதே. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயை முதல் தலைவராகக் கொண்டு 1924-இல் கல்கத்தாவில் தோன்றிய இந்திய வேதியியல் சங்கத்தின் இதழே அது.

எகிப்தியச் செடியிலிருந்து 1947-இல் இதன் உறவுப்பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. சோரலென் இனத்தைச் சேர்ந்த இப்பொருள்கள் உயிரணுவின் உட்கருவிற் சென்று, டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளின் இரு இழைகளுக்கு இடையே செருகிக்கொள்ளும். இருளில் அவை பெரிதும் வாளா இருக்கும். புறஊதாக் கதிர் பட்டவுடனே இரு இழைகளையும் பிணைத்துப் பூட்டிவிடும். பூட்டப்பட்ட உயிரணு பெருக இயலாது. பெருக்கமே புற்றுநோயின் இயல்பு என்பதை எண்ணினால், இதன் அடுத்த படி எதுவென்பது விளங்கும். 1974-இல் அமெரிக்க மருத்துவர்கள் சோரலெனை உட்கொள்ளச் செய்து புறஊதாக் கதிர் பாய்ச்சும் முறையைச் செதில்நோய்க்குப் பயன்படுத்தினர். அக்குழுவினருள் மதுகர் பாதக் என்னும் இந்தியரும் ஒருவர். 1976-இல் தோலைப் பற்றும் நிணவணுப் புற்றுநோய்க்கும் இம்முறை பயன்பட்டது.

இங்கே காலத்தின் கேள்வி எழுகின்றது. மாத்திரையை விழுங்கிய கணமே கதிரைப் பாய்ச்சினாற் பயனில்லை. அது குடலில் கரைந்து, குருதியிற் கலந்து, தோலை அடைய வேண்டும். அதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேண்டும். அதன் பின்னரே நோயாளியைக் கதிர்முன் நிறுத்துவர். மருந்தில் பெரும்பகுதி ஒரு நாளைக்குள் உடலை விட்டுக் கழிந்துவிடும். அதுவரை கண்ணின் வில்லையைக் காக்கத் தக்க கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்பது விதி. வெயிலில் காய்ந்தால் போதும் என்ற பழைய அறிவு, எத்தனை மணிக்குக் காய்வது என்ற புதிய அறிவாக வளர்ந்தது.

மியூனிக் நகரத்துச் சிற்றுயிர்

இனி இவ்வரலாற்றின் மற்றொரு கிளையைக் காண்போம். ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், டாப்பைனர் என்னும் பேராசிரியரின்கீழ் ஆராய்ந்து வந்தார். நீரில் வாழும் ஓரணு உயிர்களை அக்ரிடின் என்னும் சாயம் எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்பதே அவர்தம் ஆராய்ச்சி. ஒரே அளவு சாயம் ஒரு நாள் விரைவாகவும் மற்றொரு நாள் மெதுவாகவும் கொன்றது. மாணவர் மயங்கினார். ஒரு நாள் புயல் மழையால் வானம் இருண்டிருந்தது என்ற நினைவு வந்ததும் மயக்கம் தெளிந்தது. கொன்றது சாயம் மட்டுமன்று. சாயத்தோடு சேர்ந்த ஒளி. 1900-இல் இம்முடிவு வெளியாயிற்று.

1903-இல் டாப்பைனரும் ஜெசியோனெக் என்னும் தோல் மருத்துவரும் இயோசின் என்னும் சாயத்தைத் தோற்புற்றின்மேற் பூசி ஒளி பாய்ச்சிப் பார்த்தனர். இயோசின் வேறொன்றுமன்று, நாம் எழுதும் சிவப்பு மைக்கு நிறம் தந்த சாயமே. இவ்வினைக்குப் பிராணவாயு இன்றியமையாதது என்பதையும் டாப்பைனர் குழுவினர் காட்டினர். சோரலெனுக்கும் இவ்வகை மருந்துகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. சோரலென் தானே சென்று பூட்டுகின்றது. இவையோ ஒளியினின்று பெற்ற ஆற்றலை அருகிலுள்ள பிராணவாயுவுக்குத் தந்து, அதனை வெறிகொண்ட பொருளாக மாற்றுகின்றன. அவ்வெறி நொடிக்குள் அடங்கிவிடும். ஓர் உயிரணுவின் அகலத்தைக்கூட அதனாற் கடக்க இயலாது. ஆதலால் மருந்து எங்கே இருக்கின்றதோ அங்கேதான் அழிவும் நிகழும். மருந்தின் இருப்பிடத்தை அறிவது ஏன் இத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

தம்மையே சோதித்தவர்

மருந்து உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்பதை முதன்முதல் உணர்த்தியவர் மெயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர். 1912-இல் அவர் ஹெமட்டோபார்பைரின் என்னும் பொருளை 200 மில்லிகிராம் அளவு தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். குருதியின் செம்மைக்குக் காரணமான பொருளிலிருந்து எடுக்கப்படுவது அது. இருளில் அவர்க்கு யாதொரு துன்பமும் இல்லை. வெயிலில் வந்ததும் முகமும் கையும் வீங்கி நொந்தன. நாள் சென்றும், வாரங்கள் சென்றும் வெயில் அவர்க்குப் பகையாகவே இருந்தது. பிறர்மேற் சோதிக்குமுன் தம்மேற் சோதித்துக்கொண்ட அப்பெரியார், குருதியை விட்டு மருந்து நீங்கிய பின்னரும் தோல் அதனை விடாது பற்றிக்கொண்டிருக்கும் என்னும் உண்மையைத் தம் துன்பத்தையே விலையாகத் தந்து வாங்கினார்.

1924-இல் பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரத்துப் பொலிகார், எலிகளின் புற்றுக்கட்டிகள் புறஊதா ஒளியிற் செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டார். கட்டியில் பார்பைரின் சேர்ந்திருப்பதே அதன் காரணம். இவ்வகை மருந்துகளுக்கு இயற்கை தந்த பெரும் வசதி இது. அவை ஒளியை உண்பது மட்டுமின்றி, உண்டதில் ஒரு பகுதியை வேறு நிறத்தில் உமிழவும் செய்யும். அதனை ஒளிர்வு என்பர். நீலமோ ஊதாவோ பாய்ச்சினால் மருந்துள்ள இடம் சிவந்து தோன்றும். பௌபஜாரில் முதலில் தென்பட்ட மங்கிய புது ஒளியும் ஒளிர்வுதானோ என்ற ஐயத்தைத் தந்ததையும், இராமனும் கிருஷ்ணனும் அதனைத் துருவி ஆராய்ந்து அது வேறு என நிறுவியதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். அவர்கள் பிரித்தறிந்த அவ்விரு ஒளிகளுமே இன்று திசுக்களை ஆராயும் கருவிகளாகிவிட்டன.

1961-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லிப்சன் முதலியோர், பதப்படுத்திய ஹெமட்டோபார்பைரினைக் கொண்டு புற்றுக்கட்டிகளை ஒளிரச் செய்து கண்டறியும் முறையை வெளியிட்டனர். பஃபலோ நகரில் டாமஸ் டௌஹெர்ட்டி அதனையே அழிக்கும் கருவியாக்கினார். 1978-இல் அவர் குழு வெளியிட்ட முடிவில், 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 கட்டிகள் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ கரைந்ததாகக் காணப்படுகின்றது. போட்டோஃப்ரின் என்னும் பெயர் பெற்ற அம்மருந்துக்கு 1993-இல் கனடாவும், 1995-இல் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன.

உடலில் மருந்து செல்லும் வழி

நாளத்தில் ஏற்றிய மருந்து எங்கெங்குச் செல்கின்றது? வெள்ளப்பெருக்கை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஆவணித் திங்களின் பெருமழையில் கொல்கத்தாத் தெருக்களில் நீர் நிறைகின்றது. மழை ஓய்ந்ததும் மேட்டுத் தெருவில் விரைவில் வடிகின்றது. வடிகால் அடைபட்ட சந்திலோ நாட்கணக்கில் தேங்குகின்றது. உடலிலும் இதுவே நிகழ்கின்றது.

முதலில் மருந்து குருதியில் மட்டும் இருக்கின்றது. அங்கே அது தனித்து ஓடுவதில்லை. குருதியிலுள்ள புரதங்களையும் கொழுப்பைச் சுமக்கும் துகள்களையும் பற்றிக்கொண்டு செல்கின்றது. சில மணி நேரத்தில் எல்லா உறுப்புகளுக்கும் பரவுகின்றது. கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. புற்றுக்கட்டியின் குருதிக் குழாய்கள் அவசரத்திற் கட்டிய சுவர் போல ஓட்டையுடையவை. ஆகவே மருந்து எளிதில் உட்புகும். கழிவைக் கொண்டுசெல்லும் நிணநீர் வழிகளோ அங்கே குறைவு. ஆகவே எளிதில் வெளியேறாது. பெருகும் உயிரணுக்கள் கொழுப்புத் துகள்களை மிகுதியாக விழுங்குவதால் அவற்றோடு மருந்தும் உள்ளே போகின்றது. நலமுள்ள அண்டைத் திசுக்களினின்று மருந்து வடிந்து, கட்டியில் மட்டும் தேங்கி நிற்கும் ஒரு வேளை வருகின்றது. அவ்வேளையே மருத்துவன் காத்திருந்த வேளை.

போட்டோஃப்ரினுக்கு அவ்வேளை, ஊசி போட்ட பின் 40 மணி முதல் 50 மணி வரை. 630 நானோமீட்டர் அளவுள்ள செவ்வொளியை மெல்லிய இழைவழியே உணவுக்குழலுக்குள்ளும் செலுத்துகின்றனர். ஒளி நிறங்களுள் செம்மை ஓரளவு ஆழமாகத் திசுவுக்குட் புகும். அதுவும் சில மில்லிமீட்டர் அளவே. ஆழத்தில் மறைந்த பெருங்கட்டிக்கு இம்முறை பெரிதும் பயன்படாததும், மேற்பரப்பில் உள்ள சிறு கட்டிக்கு மிக ஏற்றதாவதும் இதனாலேயே.

பிற மருந்துகளின் காலமும் வேறு வேறு. தலை, கழுத்துப் புற்றுக்கென 2001-இல் ஐரோப்பா ஒப்பிய டெமோபோர்ஃபினுக்கு நான்கு நாள் காத்திருக்க வேண்டும். 2003-இல் ஜப்பான் ஒப்பிய டலபோர்ஃபினுக்கு நான்கு மணி போதும். 2017-இல் ஐரோப்பா ஒப்பிய படேலிபோர்ஃபின் என்பதோ, குருதியில் ஏறத் தொடங்கிய பத்தே நிமிடத்தில், குழாயை விட்டு வெளியேறுமுன்பே ஒளி பெறுகின்றது. அங்கே அழிபவை உயிரணுக்கள் என்பதைவிடக் கட்டிக்கு உணவூட்டும் குழாய்கள் எனலாம். உணவின்றிக் கட்டி மடிகின்றது. ஒரே மருந்தாயினும் முந்தி ஒளி தந்தால் குழாயும், பிந்தித் தந்தால் உயிரணுவும் தாக்குண்ணும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. காலத்தை மாற்றினால் மருந்தின் செயலே மாறிவிடுகின்றது!

மருந்தைக் காத்திருந்து பிடிப்பதற்கு மாறாக, குருதியையே வெளியிற் கொணர்ந்தவரும் உளர். 1987-இல் எடெல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் குழுவினர், தோலைப் பற்றும் நிணவணுப் புற்றுநோயாளிக்குச் சோரலென் கொடுத்து, குருதியிலுள்ள வெள்ளணுக்களைப் பொறிமூலம் பிரித்து, புறஊதாக் கதிர் காட்டி, மீண்டும் உடலிற் செலுத்தும் முறையை வெளியிட்டனர். வாயால் உண்ட மருந்து ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவிற் குருதியிற் சேர்ந்ததால், பின்னர் மருந்தை உடலுக்கு வெளியே, பிரித்தெடுத்த அணுக்களிலேயே கலக்கலாயினர். நாட்டு மருந்துக் கடைக் கார்போகியின் இனப்பொருள் இன்று குருதிக்கே ஒளிக்குளியல் தருகின்றது.

வீட்டார்க்குரிய பங்கு

ஒளி பாய்ச்சியதோடு மருத்துவனின் பணி முடியலாம். வீட்டாரின் பணி அப்போதுதான் தொடங்குகின்றது. போட்டோஃப்ரின் பெற்றவரின் தோலும் கண்ணும் முப்பது நாளுக்குக் குறையாமல், சிலர்க்கு அதனினும் நெடிது, ஒளிக்கு அஞ்ச வேண்டும். அம்மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியே ஆகையால், புறஊதாக் கதிரைத் தடுக்கும் வெயிற்களிம்பு காவாது. உடை மறைக்க வேண்டும். கடும் வெயில் நுழையும் பலகணியைத் திரை மறைக்க வேண்டும். ஆனால் நோயாளியை இருட்டறையில் அடைத்து வைத்தலும் தவறு. வீட்டினுள் உள்ள மெல்லிய ஒளி தோலிலுள்ள மருந்தைச் சிறிது சிறிதாக அழித்துப் பயனிலதாக்கும், அது நன்மையே. அன்பு மிகுதியால் இருளைத் தருவோர் அறியாமல் தண்டனையை நீட்டிக்கின்றனர். முப்பது நாள் சென்ற பின், தோலில் ஒரு சிறிய இடத்தைச் சில நிமிடம் வெயிலிற் காட்டி, ஒரு நாள் பொறுத்து, வீக்கமில்லை எனக் கண்ட பின்னரே வெளியே வரலாம் என்பர் மருத்துவர்.

மற்றொன்றும் கூறாது விடலாகாது. கார்போகியின் பெருமையைக் கேட்டு, அதனை அரைத்துப் பூசி வெயிலிற் காய்ந்தாற் புற்றுநோய் நீங்கும் என எவரேனும் கருதினால் அது பெருந்தீங்காகும். அளவும் காலமும் அறியாத பூச்சு தோலைக் கொப்புளமாக்கும். மருத்துவர் மேற்பார்வையிற்கூட, சோரலெனும் புறஊதாக் கதிரும் நெடுநாள் சேர்ந்து பயன்பட்டவர்க்குத் தோற்புற்று வரும் வாய்ப்பு மிகுதியாயிற்று என ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயை அழிக்கும் பூட்டே வலியும் காலமும் தப்பினால் நோயை விளைக்கும். முன்னோர் வெயிலின் துணையைக் கண்டனர். அது அவர்தம் பெருமை. அளவையும் வேளையையும் கண்டது பின்னோர் உழைப்பு. இரண்டையும் மதிப்பதே அறிவுடைமை.

1950-ஆம் ஆண்டில் இந்நகரின் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்து வைத்தவர், ரேடியம் கண்ட கியூரி அம்மையாரின் மகளார் ஐரீன் ஜோலியோ-கியூரி. ஆறே ஆண்டுகளில், 1956-இல், அவரே குருதிப் புற்றால் மறைந்தார். ரேடியத்தின் கதிர் தான் செல்லும் வழியிலுள்ள நன்மையையும் தீமையையும் ஒருங்கே சுடும். ஒளி மருந்தோ மருந்து, ஒளி, பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்திலன்றிச் சுடுவதில்லை. எனினும் அது சிறு கட்டிக்கே, தொடக்க நிலைக்கே மிகவும் உதவும். நம்மவருள் பலர் இந்நகருக்கு வந்தபின் ஜர்தாப் பாக்குக்கு அடிமையாயினர் என்பது மறைக்கத்தக்க செய்தியன்று. வாயில் ஆறாத புண்ணோ வெண்தடிப்போ கண்டவர், ஊரார் அறிவரே என நாணி ஆறு திங்கள் மறைத்து வைத்தால், ஒளி எட்டும் நிலையைக் கடந்து நோய் ஆழச் சென்றுவிடும். மருத்துவன் அறிய வேண்டிய காலம் மணிக்கணக்கானது. நாம் அறிய வேண்டிய காலம் நோய் தலைகாட்டும் முதல் நாள். அந்நாளைத் தவறவிடாதிருப்போமாக.